எழுபத்தெட்டுக்காரர்

பாட்டுக் கேட்பவர்கள் உண்டு. பாட்டுப் பாடுபவர்கள் உண்டு. பாட்டு என்றதும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. இந்த மூன்று வகையிலும் சேராமல் நான்காவதாக ஓர் இனம் நம் நடுவில் நடமாடிக்கொண்டிருக்கிறது. பாட்டை வருஷம் பிரிக்கிற இனம். எழுபதுகளில் ஒரே ஒரு வருஷத்தைத் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டு, அந்த வருஷம் வெளிவந்த இசைத்தட்டுகளை எல்லாம் சலித்து, புடைத்து, பொறுக்கி, சிறந்த பத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தி, அந்த வரிசைக்காக உயிரையும் கொடுக்கத் தயாராக இருப்பவர் இவர். சொந்த உயிரை அல்ல, நம்முடையதை.

இவரை எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். பஞ்சு மார்க்கெட் பக்கம் டீக்கடையில் பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள். கடை ஸ்பீக்கரில் ஒரு பழைய பாட்டு வருகிறது. வாய் சும்மா இருக்காமல் "நல்ல பாட்டு" என்று சொல்லிவிடுகிறீர்கள். உடனே முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "எழுபத்தெட்டு, செப்டம்பர். ரெண்டாவது பக்கம், முதல் பாட்டு." யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. சொல்லிவிட்டு அவர் காத்திருப்பார். மற்ற ஒன்பது எவை என்று நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகக் காத்திருப்பார். தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். கேட்டால் உங்கள் பஸ் போய்விடும், அதற்கடுத்த பஸ்ஸும் போய்விடும், அவர் அப்போதும் பத்தாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருப்பார்.

எங்கள் அடுத்த வீட்டு தேவஇரக்கம் இந்த இனத்தின் அசல் மாதிரி. பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசர். அமைதியானவர், கடன் வாங்காதவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அவருடைய வருஷம் எழுபத்தெட்டு. "அந்த ரெக்கார்டு வந்தன்னைக்கு ஊரே மூச்சு விடாம நின்னுச்சுங்க" என்று அவர் சொல்லும்போது கேட்கிற நமக்கும் மூச்சு நின்றுவிடும். விசாரித்தால், எழுபத்தெட்டில் அவருக்கு வயது ஐந்து. வீட்டில் ரேடியோகூடக் கிடையாது. அந்த வருஷம் அவர் மனம் உருகிக் கேட்ட ஒரே இசை ஐஸ் வண்டிக்காரரின் மணியாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் என்ன? தாத்தாவின் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் தாத்தாவைப் பற்றிப் பேச வேண்டுமா என்று கேட்பார். பதில் சொல்லிப் பாருங்கள்.

பட்டியல் அவர் செல்போனில் ஒன்று, கோயிலில் பாடுகிற ஞானப்பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் ஒன்று, கம்பெனி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒன்று. முதல் ஆறு இடங்கள் மலைபோல. அசையாது. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை கருணை அடிப்படையில் நிரப்பப்பட்டவை. தொல்லை எல்லாம் ஏழாம் இடத்தில்தான். அந்த நாற்காலியில் எந்தத் தட்டும் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தது இல்லை. ஏழாம் இடம் மாறுகிற நாளில் அவர் சாப்பிட மாட்டார், கூப்பிட்டால் காது கேட்காது, கத்தரிக்காய் வாங்கப் போனவர் வெறும் பையோடு திரும்பி வருவார். அவர் மனைவி கிருபாபாய் அப்போதெல்லாம் மதில் ஓரம் வந்து என்னிடம் சொல்லுவார்: "இன்னைக்கு ஏழு நகந்திருச்சு. ராத்திரிக்கு ரசந்தான்."

இந்த இனத்துக்கு ஒரு தனி பாஷை இருக்கிறது. "இது என் தனிப்பட்ட பட்டியல்தாங்க" என்றால், வேறு பட்டியல் வைத்திருப்பவன் மடையன் என்று பொருள். "யார் வேணாலும் மறுக்கலாம்" என்றால், மறுத்துப் பார் என்று பொருள். "இதையும் சேத்திருக்கலாம், ஆனா இடமில்ல" என்று பெருமூச்சு விட்டால், அவர் சொந்தத் தம்பிக்கு வீட்டில் இடமில்லை என்று சொல்கிற வேதனையோடு அதைச் சொல்கிறார், நாம் தோளைத் தட்டிக்கொடுக்க வேண்டும்.

எழுபத்தெட்டுக்கு மட்டும் ஒரு வாட்ஸாப் குழு வைத்திருக்கிறார்கள். சேத்தூரிலிருந்து மம்சாபுரம் வரை முப்பத்தொரு பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கும் சேக் முகைதீன், பாவம், சேர்ந்த அன்றே "எனக்கு எல்லாப் பாட்டும் பிடிக்கும்" என்று எழுதிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் வெளியே தள்ளிவிட்டார்கள். பிடிப்பதெல்லாம் ஒரு கருத்தா? ஒரு வாரம் கழித்து, மகள் நாஜியாவை உட்காரவைத்து ஏதோ பத்தை எழுதச் சொல்லி, வரிசை எண்ணோடு அனுப்பிய பிறகுதான் அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது.

சரி, இவ்வளவு செய்கிறவர் பாட்டை எப்போது கேட்கிறார் என்கிறீர்களா? நல்ல கேள்வி. அவருக்கு நேரம் எங்கே இருக்கிறது?

இப்படி ஒருவர் தன் பாட்டில் பத்து தட்டை அடுக்கிக்கொண்டிருந்தால் ஊருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அதை அக்சாவிடம் கேளுங்கள்.

அக்சா, தேவஇரக்கத்தின் ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அச்சகம் வைத்திருக்கும் தவசிமுத்துவின் மகன் ரிச்சர்டைப் பேசி முடித்திருந்தார்கள். பையன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஒருவரை ஒருவர் பார்த்ததும் பிடித்துப்போய், மூன்று மாதமாக போனில் பேசிப் பேசி, அக்சாவின் முகத்தில் கணக்குப் பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஒளி வந்திருந்தது. எல்லாம் பேசி முடித்தது இரண்டு அம்மாமார்கள்தான். சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா, அப்பா குடிப்பாரா என்று இரண்டு பக்கமும் துருவித் துருவி விசாரித்தார்கள். ஒன்றை மட்டும் இரண்டு பேரும் விசாரிக்கவில்லை, இரண்டு பேரும் சொல்லவும் இல்லை. ஏனென்றால் மாப்பிள்ளையின் அம்மா ஏசம்மாள் வீட்டிலும் அதே நோய். தவசிமுத்து, எழுபத்தொன்பது.

அன்று சனிக்கிழமை. எங்கள் பக்கம் கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் முன்னதாக மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். ஓலை வாசிப்பது என்பார்கள். அதற்கான படிவத்தில் இரண்டு அப்பாக்களும் கையெழுத்துப் போட்டு, மாலை ஆறு மணிக்குள் போதகரிடம் கொடுத்தாக வேண்டும். மறுநாள் ஞாயிறு தவறினால் மூன்று வாரம் முடிவதற்குள் லெந்து என்கிற தவக்காலம் வந்துவிடும். நாற்பது நாள் கல்யாணம் கிடையாது. அதற்குள் ரிச்சர்டின் லீவு முடிந்துவிடும். அடுத்த லீவு ஒன்றரை வருஷம் கழித்துத்தான்.

நாலரை மணிக்கு தவசிமுத்து குடும்பம் பால்கோவாப் பெட்டியோடு வந்து இறங்கியது. அக்கம்பக்கம் என்ற முறையில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டு அம்மாமார்களும் அவரவர் வீட்டுக்காரரிடம் முதல் நாளே சத்தியம் வாங்கியிருந்தார்கள், பாட்டுப் பேச்சு ஒரு வார்த்தை கூடாது என்று. அதன்படி அப்பாக்கள் மழையைப் பற்றியும் தென்காசி ரோட்டைப் பற்றியும் மிகுந்த சிரமத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். படிவம் வந்தது. தவசிமுத்து பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. வயலின்கள் மூன்று விநாடி எழும்பின.

தேவஇரக்கத்தின் வாய் தானாகத் திறந்தது. "எழுபத்தெட்டு."

தவசிமுத்து போனை எடுக்கவில்லை. பேனாவை மூடினார். "எழுபத்தொம்போதுங்க, அண்ணாச்சி."

கிருபாபாய் கண்ணை மூடிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் பாட்டுத் தட்டு முதலில் வரும், படம் ஆற அமரப் பின்னால் வரும். இந்தத் தட்டு எழுபத்தெட்டு டிசம்பரில் கடைக்கு வந்தது. படம் தியேட்டருக்கு வந்தது பொங்கல் கழித்து. எழுபத்தெட்டுக்காரர்கள் தட்டின் தேதியைப் பார்ப்பார்கள், எழுபத்தொன்பதுக்காரர்கள் படத்தின் தேதியைப் பார்ப்பார்கள். இரண்டு பட்டியலிலும் முதல் இடம் இதற்குத்தான்.

"ஒரு புள்ளைக்குப் பொறந்த தேதிய வச்சுத்தான வயசு சொல்லுதோம்? ஞானஸ்நானம் வாங்குன தேதிய வச்சா சொல்லுதோம்?" என்றார் தேவஇரக்கம்.

"பொறந்துட்டா ஆச்சா? ஞானஸ்நானம் வாங்கி, கோயில் ரிஜிஸ்டர்ல ஏறுனாத்தான் அதுக்கு ஒரு பேரே."

"எம் புள்ளைக்கு ரெண்டு தேதியும் படிவத்துல எழுதியாச்சு" என்றார் ஏசம்மாள். "நீங்க கையெழுத்தப் போடுங்க."

யார் கேட்டார்கள்? தட்டின் உறையில் என்ன அச்சடித்திருந்தது என்று ஒருவர், போஸ்டரில் என்ன அச்சடித்திருந்தது என்று இன்னொருவர். உறையே பொய் என்று ஒருவர், போஸ்டரே பொய் என்று இன்னொருவர். அச்சகம் வைத்திருப்பவரிடமே அச்சைப் பற்றிப் பேசுவதா என்று தவசிமுத்துவுக்கு முகம் சிவந்தது. மணி ஐந்தானது. ஒன்றாம் இடத்தைக் கொடுத்துவிட்டு வெறும் ஒன்பதோடு நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன் என்று தேவஇரக்கம் தழுதழுத்தார். பிறகு, சொல்லக்கூடாத அந்த வார்த்தையைச் சொன்னார்.

"அடுத்தவன் வருஷத்துல கை வைக்கிற குடும்பத்துல எம் புள்ளயக் குடுக்கிறதுக்கு நான் யோசிக்கணும்."

தவசிமுத்து எழுந்து செருப்பைத் தேடினார். ரிச்சர்ட் வாசலை மறித்தாற்போல் நின்றான். இந்த இடத்தில் பெண் விம்மிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும், யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும், வெளியே இடி இடிக்க வேண்டும். நான் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன். அக்சா உள்ளே ஓடத்தான் செய்தாள். அதே வேகத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரோடு திரும்பி வந்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. குரல் மட்டும் ஒன்பதாம் வகுப்பை அடக்குகிற குரல்.

"மாமா, செத்த நேரம் உக்காருங்க. அப்பா, நீங்களும். இந்த ரெக்கார்ட கடசியா எப்ப முழுசாக் கேட்டீய, ரெண்டு பேரும்?"

தேவஇரக்கம் மின்விசிறியைப் பார்த்தார். தவசிமுத்து செருப்பைப் பார்த்தார். "அது மனசுக்குள்ள ஓடிக்கிட்டேதாம்மா இருக்கு" என்றார்.

"மனசுக்குள்ள ஓடுறது இருக்கட்டும். இப்ப வெளிய ஓட விடுதேன். அஞ்சு பாட்டு, இருவத்திரண்டு நிமிசம். யாரும் எந்திரிக்கக் கூடாது."

முதல் பாட்டு வந்தது. அந்த வயலின்கள் எழும்பிய இடத்தில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கண்ணை மூடினார்கள். உள்ளபடியே நல்ல பாட்டு. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் தேவஇரக்கத்தின் கை மெதுவாக மிக்சர் தட்டுக்குப் போனது. நான்காவதில் ஒரு அம்மாள் ஆரம்பித்த ஆலாபனையை முடிக்க மனமில்லாமல் போய்க்கொண்டே இருந்தார், தவசிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாவது நகைச்சுவைப் பாட்டு. அதில் ஒருவர் முதலில் சேவலாகக் கூவினார். பிறகு ஆடாகக் கத்தினார். பிறகு மாடு. பிறகு மூன்றும் சேர்ந்து. மூன்றரை நிமிஷம். அப்படி ஒரு பாட்டு அந்தத் தட்டில் இருந்ததையே இரண்டு பேரும் மறந்திருந்தார்கள் என்பது அவர்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மாடு ஓய்ந்தது. தேவஇரக்கம்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, நல்லா யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் நாயம். படம் வந்த தேதிதான் கணக்கு. இது உங்க வருசந்தான். நீங்களே வச்சுக்கோங்க."

"அதெப்படிங்க" என்று பதறினார் தவசிமுத்து. "பொறந்த தேதிதான வயசு? உங்க பொருளுக்கு நான் ஆசப்படலாமா? எழுவத்தெட்டுதான். சந்தேகமே இல்ல."

"உறையில என்ன போட்டிருந்தா என்னங்க. போஸ்டர்தான் பேசும்."

"போஸ்டரு ஒட்டுனா மறுநாள் கிழிஞ்சிரும் அண்ணாச்சி. உறைதான் நிக்கும்."

கடைசி லட்டை ஒருவர் இலையிலிருந்து இன்னொருவர் இலைக்குத் தள்ளுவதுபோல் அந்தத் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் குரல் உயர ஆரம்பித்தது. கிருபாபாய் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. படிவத்தை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்து, கையில் பேனாவைத் திணித்தார். "இல்லங்க, நீங்கதான் வச்சுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே தேவஇரக்கம் கையெழுத்துப் போட்டார். "சத்தியமா எனக்கு வேண்டாங்க" என்று சொல்லிக்கொண்டே தவசிமுத்து போட்டார். எதில் போட்டோம் என்று இரண்டு பேருமே குனிந்து பார்க்கவில்லை. மை காய்வதற்குள் ரிச்சர்டும் அக்சாவும் பைக்கில் ஏறிவிட்டார்கள். போதகர் வீட்டுக் கதவை அவர்கள் தட்டியபோது மணி ஐந்து நாற்பத்தைந்து.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் கொண்டுபோன கைக்குட்டைக்கு அங்கே வேலை இருந்தது. மணப்பெண் மஸ்கட் போய்ச் சேர்ந்தாயிற்று. சம்பந்திகள் இருவரும் வாரம் ஒருமுறை சந்தித்து, அந்தத் தட்டு உங்களுடையதுதான் என்று ஒருவரை ஒருவர் இன்னும் வற்புறுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

போகட்டும். நீங்கள் இதையெல்லாம் ஓர் அசட்டு மனிதரின் கதை என்று சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நம்ப விரும்புகிறேன். ஆனால் டிசம்பரில் பாட்டு வந்து பொங்கல் கழித்துப் படம் வந்தது எதுவாக இருக்கும் என்று உங்கள் மனம் ஒரு பக்கம் தேடிக்கொண்டே இருந்ததே, அது ஏன்? இரண்டு மூன்று பெயர்களை எடுத்துப் பார்த்து, "சேச்சே, இதில் ஆடு மாடு கிடையாது" என்று ஒன்றைக் கோபத்தோடு கழித்தீர்களே, அது யாருக்காக?

அந்தத் தட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே எனக்கு ஒரு கடிதம் எழுதுவீர்கள், வருஷம் தப்பு என்று.