கருத்தம்மாளுக்குப் பிடித்தது

கருத்தம்மாளுக்கு என்ன பிடிக்கும் என்று கோட்டைச்சாமிக்குத் தெரியவில்லை.

கேட்டவள் பஞ்சம்மாள், கருத்தம்மாளின் தங்கை. சின்னமனூரிலிருந்து போனில் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம அக்காவுக்கு வருசத் தெவசம் மாமா. படையலுக்கு என்ன செய்யணும்னு சொன்னீகன்னா சாமான் வாங்கிட்டு வந்துருவேன்."

"எல்லாரும் செய்றதச் செய்வோம்."

"செத்தவுகளுக்குப் புடிச்சதத்தான எலையில வைக்கணும். உங்க அப்பாவுக்கு வருசா வருசம் சுருட்டும் நெத்திலிக் கருவாடும் வைக்கலையா? அக்காவுக்கு என்ன புடிக்கும்?"

கோட்டைச்சாமி போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நீ கூடப் பொறந்தவதான, உனக்குத் தெரியாதா?"

"அக்காவக் கட்டிக் குடுக்கையில நான் சின்னப் புள்ள. அப்பறம் பூராம் உங்க வீட்டுலதான இருந்துச்சு?"

போனை வைத்தார். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற மனுஷன் அவர். எந்தக் கொடிக்கு என்ன மருந்து, எந்தப் பந்தலில் எப்போது காய் பழமாகத் திரும்பும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வீட்டுக்காரி விஷயம் வேறு. மீன் குழம்பு என்றால் நடுத்துண்டு இவருக்கு. கோழி அடித்தால் ஈரல் இவருக்கு. தின்று கை கழுவும்போது "உப்பு கம்மி" என்பார். அதற்குப் பிறகு கருத்தம்மாள் அடுப்படியில் எதையோ தின்பாள். அது என்ன என்று எட்டிப் பார்க்க அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கெட்ட மனுஷன் என்று சொல்லவில்லை. ஊரில் பாதிப்பேர் வீட்டு நடப்பு இதுதான்.

பிள்ளை குட்டி இருந்தாலாவது கேட்கலாம். அதுவும் இல்லை.

பீரோவைத் திறந்து அவளுடைய போனை எடுத்தார். தொண்டையில் கட்டி வந்து படுக்கையோடு கிடந்த காலத்தில் பொழுதுபோக்குக்காக அவர் வாங்கிக் கொடுத்தது. சார்ஜ் போட்டுத் திறந்தால் ஒரு வீடியோ பாதியில் நின்றது. பாதி என்று சொல்லக் கூடாது, அடியில் ஓடும் சிவப்புக் கோடு கிட்டத்தட்டக் கடைசிக்கே போயிருந்தது. அவர் அதை முதலுக்கு இழுத்துவிட்டார்.

வெள்ளை மீசை வைத்த ஒரு வெளிநாட்டுக் கிழவர் கறி சமைக்கிறார். பெரிய பெரிய துண்டு. அதன் தலையில் ஒரு பாட்டில் ஒயினைக் கவிழ்த்து ஊற வைக்கிறார். மறுநாள் எடுத்து வதக்கி, கேரட், சின்ன வெங்காயம், காளான் எல்லாம் போட்டு மெல்லிய தீயில் மணிக்கணக்காக வேக விடுகிறார். சட்டி இறங்கியது. கோட்டைச்சாமி வீடியோவை நிறுத்தினார். பண்டம் ஆன பிறகு பார்க்க என்ன இருக்கிறது?

முன்பு பார்த்தவற்றின் வரிசையைத் தள்ளிப் பார்த்தார். அதே வீடியோ. அதற்கு முந்தின நாளும் அதே கிழவர். வேறு படமே கிடையாது.

கஞ்சித்தண்ணிகூட இறங்காத தொண்டையை வைத்துக்கொண்டு இந்தக் கறியைப் பார்த்துக்கொண்டா கிடந்தாள்? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கோட்டைச்சாமி துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் தெளிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இலையில் இதுதான் வைக்க வேண்டும். அதுவும் தன் கையால்.

கிழவர் பேசுவது எந்தப் பாஷை என்றுகூடத் தெரியவில்லை. கம்பம் டவுனில் செல்போன் கடை வைத்திருக்கும் வேல்பாண்டியிடம் போய்த் தலைப்பை மட்டும் காட்டினார்.

"இது பிரெஞ்சு பெரியப்பா. தமிழ்ல மாத்திப் பார்த்தா, மாட்டுக்கறிய செவப்பு ஒயின்ல வேக வைக்கிறதுன்னு வருது."

"ஆட்டுக்கறியா இருக்காதா?"

"மாடுன்னுதான் போட்டிருக்கு."

"நல்லாப் பாரு. அந்த ஊருல ஆட்டுக்கு வேற பேரு இருக்கும்."

"ஓரத்துல படமே போட்டிருக்கான் பெரியப்பா. கொம்பு பாருங்க."

கொம்பு தெளிவாகவே இருந்தது.

அவர் வீட்டு அடுப்பில் மாட்டுக்கறி ஏறியதில்லை. வாலிபத்தில் லோடு ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போனபோது பரோட்டாவுக்குத் தொட்டுத் தின்றிருக்கிறார்தான். ஆனால் அது கேரளாக் கணக்கு, ஊர்க் கணக்கில் சேராது. மாட்டுப் பொங்கலுக்குக் காளையின் காலைத் தொட்டுக் கும்பிட்ட வீட்டில் இப்படி ஒரு படையல் என்று வெளியே தெரிந்தால் பங்காளிகள் தலைவாசலை மிதிக்க மாட்டார்கள். ஆகவே யாரிடமும் மூச்சுவிடுவதில்லை என்று முடிவு செய்தார். அங்கே பிடித்தது சனி.

சனிக்கிழமை காலையில் யார் கண்ணிலும் படாமல் உத்தமபாளையம் போனார். கறிக்கடை பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"வீட்டுக்கா?"

"நாய்க்கு."

"நாய்க்குன்னா எலும்பு போதும். சவ்வு போட்டுத் தாரேன், காசு வேணாம்."

"இல்ல பாய். நல்ல தொடக்கறியா, கொஞ்சம் கொழுப்போட, பெரிய துண்டாப் போடுங்க. ரொம்ப நேரம் வேகணும்."

பாய் கத்தியை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "குடுத்து வச்ச நாய்" என்றார்.

அடுத்து ஒயின். மதுக்கடைக்குப் போகலாம் என்றால், பொண்டாட்டி செத்த துக்கத்தில் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேசும். அவருக்குத் தேனி செல்வமணி ஞாபகம் வந்தது. பஜாரில் பாத்திரக்கடைக்காரர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் ஒயின் போடுவதற்குக் கோட்டைச்சாமி தோட்டத்துப் பன்னீர் திராட்சையைத்தான் வாங்குவார். இத்தனை வருஷம் பழம் கொடுத்த மனுஷன் அந்த ஒயினை நாக்கில் வைத்துப் பார்த்தது கிடையாது.

"ஒரு பாட்டில் வேணும் செல்வமணி. கருத்தம்மா தெவசத்துக்கு."

செல்வமணிக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி நெனப்புக்குத் திராட்சரசம் கேட்டு வந்திருக்கீக. நீங்க ஆண்டவர்கிட்ட வரணும்னு நாங்க எத்தன நாளு ஜெபம் பண்ணியிருக்கோம் தெரியுமா?"

"அதில்ல செல்வமணி..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். நாளைக்கு ஆராதனை முடிஞ்ச கையோட நானே வாரேன். சின்னதா ஒரு ஜெபம் பண்ணுவோம்."

பாட்டில் கைக்கு வந்துவிட்டது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கோட்டைச்சாமி தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து கறியை ஒயினில் அமுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பவுனு வந்து நின்றாள். அவர் தோட்டத்துக்குப் போன நேரமெல்லாம் கருத்தம்மாளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவள் அவள்தான். கையில் ஒரு கிண்ணம்.

"நாய் வாங்கியிருக்கீகளாமே அண்ணே? பழைய சோறு கொண்டாந்தேன். எங்கன கெடக்கு?"

"தோட்டத்துல கட்டியிருக்கேன். இங்கன வச்சிட்டுப் போ, நான் கொண்டு போறேன். ஆமா, கனமான இரும்புச் சட்டி வச்சிருக்கியா?"

"தாரேன். யாரு சமைக்கப் போறது? நீங்களா? மதினிக்கு என்ன வைக்கப் போறீகன்னு சொன்னா நானும் கூடமாட..."

"ஒண்ணும் வேணாம் தாயி. சட்டிய மட்டும் குடு" என்று கதவைச் சாத்தினார்.

அன்று சாயங்காலமே பஞ்சம்மாள் வந்து சேர்ந்தாள். நாளைக்கு ஒரு கறி மட்டும் தானே வைக்கப் போவதாக அவளிடம் சொன்னார். "நீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் பேசாமல் படுத்துவிட்டாள். துக்கத்தில் இருக்கிற மனுஷனிடம் என்ன பேசுவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டைச்சாமி தோட்டத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

"நல்லவேள நான் ஃப்ரிட்ஜத் தொறந்தேன் மாமா" என்றாள் பஞ்சம்மாள். "நீங்க வாங்குன ஆட்டுக்கறி ஊதாக் கலராகிப் புளிச்சுப்போச்சு. ஒரே வீச்சம். அந்தத் தண்ணியச் சாக்கடையில கொட்டிட்டு, மஞ்சப்பொடி போட்டு ஏழெட்டுத் தண்ணி அலசி வச்சிருக்கேன். எப்பேர்ப்பட்ட முத்தல் கெடா, கையே வலிக்குது."

கோட்டைச்சாமி சாக்கடையைப் பார்த்தார். அது திராட்சை மணத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. போதாது. ஓடிப்போய்த் தோட்டத்தில் பழுத்த குலைகளாகப் பறித்துவந்து, பிழிந்து சாற்றை ஊற்றினார். கொதித்ததும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தால் பாயசம். இனிப்பை முறிக்கப் புளியைக் கரைத்து ஊற்றினார். அது பல்லைக் கூச வைத்தது. புளிப்பை அடக்க உப்புப் போடலாம் என்று தேடினால், உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் உப்பு கம்மி என்று சொன்னால் உப்பு தானாக வந்துவிடும். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, நக்கிப் பார்த்து மூடினார்.

வெங்காயம் உரிக்கிற சாக்கில் கொஞ்சம் அழுதுகொண்டார். தீயைக் குறைத்தார், கூட்டினார், மறுபடி குறைத்தார். கை இரண்டு இடத்தில் சுட்டது. அவர் கொஞ்சம் நகர்ந்த நேரத்தில் பஞ்சம்மாள் மனசு கேட்காமல் ஒரு கரண்டி மிளகாய்ப்பொடியைப் போட்டுவிட்டாள். கடைசியில் சட்டியை இறக்கும்போது அது எந்தத் தேசத்துக் குழம்பு என்று அந்தக் கிழவரே வந்தாலும் சொல்ல முடியாது. ஆனால் வெந்திருந்தது.

உச்சிப் பொழுதில் படத்துக்கு முன்னால் ஒரு இலையும், காக்காய்க்கு மதில்மேல் ஒரு இலையும் போட்டார்கள். இரண்டிலும் முதல் கரண்டியைக் கோட்டைச்சாமியே வைத்தார். காக்காய் வந்து வாய் வைத்தால்தான் செத்தவள் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை நனைக்கலாம்.

காக்காய் வரவில்லை.

வந்தது செல்வமணி. வெள்ளைச் சட்டை, கையில் பைபிள்.

"நல்ல நேரத்துல வந்தீக" என்றாள் பஞ்சம்மாள். "பொஸ்தகத்தப் பார்த்துட்டுத்தான் அக்கா வர மாட்டேங்குது போல." செல்வமணி பைபிளை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பவுனு நாய்க்கு இன்னொரு கிண்ணம் சோற்றோடு வந்து ஓரமாக நின்றாள்.

வெயில் ஏறியது. தென்னையில் இரண்டு காக்காய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன, இறங்கவில்லை. மதில் ஓரமாக, தோளில் துண்டோடு, கையைப் பிசைந்துகொண்டு நின்றார் கோட்டைச்சாமி. ஒரு வாய், ஒரே ஒரு வாய் எடுத்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

"அக்காவுக்கு ஏதோ கொற இருக்கு மாமா" என்றாள் பஞ்சம்மாள். "எதையோ மறைக்கிறீக."

அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அது ஆட்டுக்கறி இல்ல."

"பின்ன?"

"மாடு."

பஞ்சம்மாள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏழெட்டுத் தண்ணி அலசுனேனே ஆத்தா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் குடுத்த திராட்சரசம்?" என்றார் செல்வமணி.

"அதுலதான் ஊறுச்சு."

"நாயி?" என்றாள் பவுனு.

"நாயெல்லாம் இல்ல தாயி." கோட்டைச்சாமி மடியிலிருந்து கருத்தம்மாளின் போனை எடுத்தார். "வையிறதுன்னா வைங்க. சாகுற வரைக்கும் இந்தக் கறியத்தான் பார்த்துக்கிட்டுக் கெடந்திருக்கா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கனயாச்சும் போயி வாங்கியாந்திருப்பேன். அவ சொல்லல. நானும் கேக்கல. அவளுக்கு என்ன புடிக்கும்னு நான் ஒருநாளும் கேக்கல."

பவுனு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள்.

"இந்த வீடியோவா? மதினிக்கு இத நாந்தான அண்ணே தெனமும் போட்டுக் குடுப்பேன்."

"அப்ப உனக்குத் தெரியும்ல. இந்தக் கறி மேல அவளுக்கு எம்புட்டு ஆச இருந்திருக்கும்?"

பவுனு சிவப்புக் கோட்டில் விரலை வைத்துக் கடைசிக்கு இழுத்துவிட்டு, போனை அவரிடம் நீட்டினாள்.

"கறியில அதுக்கு என்ன அண்ணே இருக்கு? சமைக்கிறத எல்லாம் தள்ளிவிடச் சொல்லிரும். சமைச்சு முடிச்சிட்டு அந்தப் பெரியவரு பொண்டாட்டிய ஒக்கார வச்சு, மொதத் தட்ட அவுகளுக்கு வச்சிட்டு, அவுக ஒரு வாய் எடுக்குற வரைக்கும் கையப் பெசஞ்சுக்கிட்டே நிக்கிறாக பாருங்க, மதினி இந்த எடத்த மட்டுந்தான் போட்டுப் போட்டுப் பார்க்கும்."