கண்ணுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே மலையுச்சி வானிலை நிலையத்தில் நீங்களும், என் மகளும், நான் இன்னும் பார்க்காத என் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் வரப்போவதில்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

பாதி மலை வரை வந்துவிட்டோம். விடுதி அறையின் சன்னல் வழியாக ஒரு மேகம் உள்ளே வந்து, நாற்காலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போகிறது. நான் கட்டிலில் படுத்தபடி, லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அழைப்பு மணிக்காகக் கை சுவரைத் தடவுகிறது. உங்கள் அத்தை, "அங்க பட்டன் எதுவும் இல்ல, சும்மா படுங்க" என்கிறாள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியே ஓய்வு பெற்றவன் நான், உயரம் எனக்குப் புதிதா என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன் அல்லவா? ஆனால் உங்கள் அத்தை விடவில்லை, மலைக்குப் போகுமுன் டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். அதே ஆஸ்பத்திரிதான். கண் டாக்டர் மூன்றாம் மாடி. கண்ணில் ஏறும் அழுத்தத்திற்கு அவர் தரும் மாத்திரையை வெகுநாளாகப் போடுகிறேன். மலைக்குப் பார்த்த டாக்டரம்மா தரைத்தளம். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று அவர் கேட்டார். "இல்லீங்க" என்றேன். பொய் சொல்லும் எண்ணமில்லை மாப்பிள்ளை, மூன்றாம் மாடி சமாசாரத்தைத் தரைத்தளத்தில் இறக்கிப் பழக்கமில்லை எனக்கு, யார் எந்த மாடியில் என்ன சொன்னாலும் கதவு திறந்ததும் மறந்துவிடுவதுதானே என் தொழில். அவரும் மலைமயக்கம் வராமலிருக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெட்டி வேறு, கம்பெனி வேறு, அட்டையில் இருந்த பொடி எழுத்து என் கண்ணுக்கு எறும்பு ஊர்கிற மாதிரி. ஆக, கண்ணுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று பக்தியோடு இரண்டையும் விழுங்கினேன்.

பஸ் ஏறியதும் விரல் நுனியெல்லாம் விறுவிறு என்றது. உதடும் அப்படியே. வழியில் சோடா வாங்கினேன், துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போலிருந்தது, கடைக்காரரோடு சண்டைக்கே போய்விட்டேன், பாவம் அவர், அவரே ஒரு மடக்குக் குடித்துக் காட்டினார். இதற்கு நடுவே வளைவுக்கு வளைவு ஒன்றுக்குப் போக நான் இறங்க வேண்டியிருந்தது. டிரைவர், "பெரியவரே, பஸ்ஸ நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களா?" என்று கேட்டேவிட்டார். மற்ற நேரமெல்லாம் தூக்கம். மலை மெதுவாகக் கீழே போவதாகவும், நான் ஒவ்வொரு மேகத்திலும் கதவைத் திறந்து ஆளை இறக்குவதாகவும் கனவு.

உங்கள் அத்தைக்கு லேசாகத் தலை வலித்தது. என் மாத்திரையில் பாதியை உடைத்து அன்போடு நீட்டினேன். அவள் வாங்காமல் என்னை இந்த ஊர் டாக்டரிடம் இழுத்துப் போனாள். இளம்பெண். இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டும் ஒரே மருந்துதான் ஐயா. டபுளா போட்டிருக்கீங்க, அதான் இதெல்லாம்" என்றார். அங்கிருந்தே கண் டாக்டருக்குப் போன் போட்டார். கண்ணுக்குப் போடுவது போட்டபடி தொடரட்டும், இரண்டாவது பெட்டி வேண்டாம், தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும் என்று முடிவாயிற்று. பிறகு, நான் பாதி மாத்திரை நீட்டிய கதையைக் கேட்டதும் அத்தை பக்கம் திரும்பி, "சல்ஃபா மருந்து உங்களுக்கு ஒத்துக்குமாம்மா?" என்றார். "ஒருமுறை சாப்பிட்டு மூஞ்சி பூசணியா வீங்கிடுச்சு" என்றாள் இவள். டாக்டர் என்னைப் பார்த்தார். "இதுவும் சல்ஃபா வகைதான். உங்க மாத்திரைய அடுத்தவங்களுக்கு எடுத்து நீட்டாதீங்க ஐயா." இவள் இல்லாமல் நான் எந்த மாடிக்குப் போய் என்ன செய்ய மாப்பிள்ளை?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இனி மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். எனக்கு உலகம் இப்போது பாதி சாத்திய லிஃப்ட் கதவின் இடுக்கில்தான் தெரிகிறது, உங்களுக்குத் தெரியும். அந்த இடுக்கு அடைபடுமுன் குழந்தையின் முகத்தை அதில் முழுதாகப் பார்த்துவிட ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். அவள் வளர்ந்ததும் கீழே அழைத்து வாருங்கள். அதற்குள் கதவு மூடிவிட்டால் கையால் தடவித் தெரிந்துகொள்கிறேன்.

மகளுக்கு என் ஆசி. பேத்திக்கு முத்தங்கள். காற்றை அளக்கப் போகும்போது காதைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: தபாலில் போடாமல் இக்கடிதம் சில நாள் தலையணைக்கடியில் கிடந்தது. ஓய்வெடுத்ததில் விரல் விறுவிறுப்பு அடங்கிற்று, அத்தைக்கும் தலைவலி விட்டது. டாக்டர் வந்து இருவரையும் பார்த்துவிட்டு, "பதறாதீங்க, மெதுவா மேல போங்க. தலைவலியோ வாந்தியோ வந்தா உடனே இறங்கிடுங்க" என்றார். நடுவே நின்ற லிஃப்டில் மாட்டியவர்களிடம் நான் காலமெல்லாம் சொன்னதும் இதைத்தானே, மெதுவாக மேலே போவோம் என்று! தபால் ஜீப்பில் இடம் இருக்கிறதாம். எனவே இக்கடிதத்தை நானே கொண்டுவந்து தருவேன். வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், படிக்க வேண்டாம். வாசலில் வெளிச்சம் இருக்கும் இடமாகப் பார்த்துக் குழந்தையோடு நில்லுங்கள்.