ஒன்றரை நட்சத்திரம் போட்டவர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பத்தொரு வருடம் போலீஸில் இருந்து ஏட்டாக ஓய்வுபெற்ற உங்கள் நெடுநாள் வாசகன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். அந்த இரட்டைப் போலீஸ் படத்துக்கு ஒன்றரை நட்சத்திரம் போட்ட விமர்சகர் மட்டும் கொஞ்சம் நலம் குறைந்திருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

'நடக்கவே முடியாத கதை' என்று எழுதியிருக்கிறார். ஐயா, நடந்திருக்கிறது! கதாநாயகன் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே திருடனைத் துரத்துகிறாரே, அது சாட்சாத் என் ஓட்டம். என்ன மனுஷன் ஐயா அவர், வசனமே வேண்டாம், தொப்பியைச் சரிசெய்தாலே தியேட்டர் குலுங்குகிறது. அப்புறம் வருகிறது கைவிலங்குக் காட்சி. திருடனுக்கு விலங்கு மாட்டுகிறேன் பேர்வழி என்று தன் கையையும் கூட்டாளிப் போலீஸ்காரர் கையையும் சேர்த்துப் பூட்டிவிட்டுத் தேடினால், சாவி திருடன் பையில், திருடன் அடுத்த தெருவில். எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோச்சு. இது எனக்கும், என்னோடு பத்தொன்பது வருஷம் ரோந்து வந்த ஒட்டடைக்கும் நடந்தது. ஒட்டடைக்குச்சி உடம்பு, ஸ்டேஷன் வைத்த பேர். இன்ஸ்பெக்டருக்கே தெரியாமல் அமுக்கிய விஷயம். நான் சொல்லவில்லை, அப்போ சொன்னது யாரு?

அவனோடு நான் பேசி நாலு வருஷம். ஓய்வுபெற்ற அன்று மேடையேறி ஜீப் டிரைவர் முதல் டீக்கடைக்காரர் வரைக்கும் நன்றி சொன்னவன், என் பேரை விட்டுட்டான். இருந்த கோபத்தோடு இதுவும் சேர, இடைவேளையிலேயே கிளம்பி நேரே அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவன் என்னை வாயைத் திறக்கவே விடல. "ஏண்டா, அந்த விலங்கு சமாச்சாரத்தைச் சினிமாக்காரன்கிட்ட உளறிட்டியா?"ன்னு என் சட்டையைப் பிடிக்கிறான்! அவனும் முந்தின நாள் அதே படத்தைப் பார்த்திருக்கான். அப்பத்தான் புரிஞ்சுது, எங்களை மாதிரி ஆளுங்க எல்லா ஸ்டேஷன்லயும் இருந்திருக்காங்க. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல அவன் மனைவி பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுட்டாங்க. சிரிப்பு ஓய்ஞ்சதும், "அன்னைக்கு உன் பேரைச் சொல்லியிருந்தா மேடையிலேயே அழுதிருப்பேன்டா, அதான் விட்டேன்"னான். ஐயா, நாலு வருஷமா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் ஏங்கிக்கிட்டிருந்தேன். அதுக்கப்புறம் சேர்ந்தே அஞ்சு தடவை பார்த்துட்டோம்.

ஆகவே, முறிந்த நட்பை ஒட்டவைத்த இப்படத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுத் திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். தங்கள் பத்திரிகை பிழையின்றி வளர்க, விமர்சகருக்கு நல்ல புத்தி வருக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏட்டு

பின்குறிப்பு: தபாலில் போடும் முன் ஒட்டடைக்குப் படித்துக் காட்டினேன். அது என் ஓட்டமில்லையாம், அவன் ஓட்டமாம். "உன் தொப்பைக்குப் பேன்ட் எங்கடா நழுவும்? கதாநாயகன் நான், சாக்கடையில விழுற கூட்டாளிதான் நீ" என்கிறான். மறுபடியும் பேச்சு நின்றுவிட்டது. நட்பு பற்றி மேலே எழுதியதை அடித்துவிடவும். ஞாயிறு மதியக் காட்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். நடு சீட் உங்கள் விமர்சகருக்கு. நான் சொல்வதை அவனிடமும் அவன் சொல்வதை என்னிடமும் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.