வர்னுப்பே பஸ் ஸ்டாண்டுக்கு நாலு மார்க்

கௌனஸ்,
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய தெயோஃபிலே மதினி அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் ரபோலாஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இருவரும் நலம். கடற்காற்றில் உங்கள் முழங்காலும் பூனையும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் தங்கை லியூசியா சாகவில்லை. வர்னுப்பேயிலிருந்து யாராவது உங்களுக்கு போன் செய்து அழுதிருந்தால் நம்ப வேண்டாம். இன்று மத்தியானம்கூட பீட்ரூட் சூப்பில் உப்பு கம்மி என்று என்னைத் திட்டினாள். நல்ல திடமான குரல்.

வர்னுப்பே பஸ் ஸ்டாண்டை இடித்துவிட்டு அங்கே பெரிய கடை கட்டப் போகிறார்களாம். அந்த ஊர் நகராட்சியின் முடிவு. உங்களுக்கே தெரியும், லியூசியா நாற்பது வருஷம் கட்டடக் கலை சொல்லிக்கொடுத்தவள், வரைபட ஆபீஸிலும் இருந்தவள், ஆனால் அந்தச் சோவியத் காலத்தில் அவளுக்குக் கொடுத்ததெல்லாம் பாலர் பள்ளிகள்தான், மாஸ்கோவிலிருந்து ஒரே வரைபடம் வரும், இவள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்ற வேண்டும், மீதி நேரத்தில் ஆபீஸ் ஆண்களெல்லாம் அவள் காபி போட வந்தவள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் தலையிலிருந்து வந்த கட்டடம் அந்த பஸ் ஸ்டாண்ட் ஒன்றுதான். இருபத்தொன்பது வயதில் வரைந்தது. மடித்த காகிதம் மாதிரி ஒரு கூரை. பார்க்க அழகு. மழைத்தண்ணீர் இறங்கும் குழாயைப் பயணிகள் கூடத்தின் நடுத்தூணுக்குள் வைத்துவிட்டாள். திறந்த நாளிலிருந்து ஒழுகுகிறது.

நான் அப்போது அந்தத் தடத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். கூடத்துக்குள் ஒரு பெண் குடை பிடித்து நிற்கிறாள்.

“ஏம்மா, உள்ளே நின்னுக்கிட்டு எதுக்குக் குடை?”

“இதை வரைஞ்சது நான்தான்.”

“அப்போ வெளியில வந்து நில்லுங்க. இங்க மழை கம்மி.”

அவள் சிரித்தாள். அடுத்த கோடையில் கல்யாணம். அந்த ஒழுகலுக்கு நான் கடன்பட்டவன், மதினி.

வருஷா வருஷம் முதலாண்டுப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய், “இதுதான் என் தப்பு, தொட்டுப் பாருங்க” என்று தூணைக் காட்டுவாள். பிள்ளைகள் தப்பைப் படித்தார்களோ இல்லையோ, கட்டடத்தின் மேல் காதல் கொண்டுவிட்டார்கள். இடிக்கப் போகிறார்கள் என்றதும் ஆளுக்கொரு பூங்கொத்தோடு போய் இறங்கினார்கள். டீச்சருக்கு மரியாதை செய்கிறார்களாம். எல்லோரும் கடையில் ஒழுங்காக ஒற்றைப்படையில் எண்ணித்தான் வாங்கியிருக்கிறார்கள். ஒழுகும் இடத்தில் இருந்த வாளியில் மொத்தமாகச் சேர்த்து வைத்தபோது யாரும் எண்ணவில்லை. பக்கத்தில் லியூசியாவின் புகைப்படம். அங்கே அப்பம் விற்கும் ப்ரோனே வந்து பூவை எண்ணிப் பார்த்திருக்கிறாள், யார்தான் எண்ண மாட்டார்கள், இரட்டைப்படை. இரட்டைப்படையில் பூ வைத்தால் அது செத்தவர்களுக்குத்தானே. ஓடிப்போய் மெழுகுவத்தி கொண்டுவந்து ஏற்றிவிட்டாள். மத்தியானத்துக்குள் ஊரே அழுதது. பாதிரியார் எனக்கு போன் செய்து அடக்கம் என்றைக்கு என்று கேட்டார்.

“சாமி, அவ உள்ள உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருக்கா” என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “பாவம், மனுஷனுக்குப் புத்தி கலங்கிடுச்சு.”

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை நடந்தது அப்படியில்லை. பழைய கட்டடங்களைக் காக்கும் குழு கூடியது. இதைக் காப்பதா, இடிக்க விடுவதா என்று அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். தலைவர் தோமந்தாஸ், லியூசியாவின் பழைய மாணவர், தலை நரைத்தவர். அவள் உள்ளே வந்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார். பிள்ளைகள் உருக்கமாகப் பேசினார்கள். நான் கோட்டு போட்டுக்கொண்டு போயிருந்தேன். பிறகு கட்டடத்தை வரைந்தவரே சொல்லட்டும் என்றார்கள். இவள் போனாள். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன் நின்றாள். கைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தாள். தோமந்தாஸ் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, தண்ணி எங்க போகுது?”

“கீழே, டீச்சர்.”

“கீழேன்னா?”

“தூண் வழியா.”

“ஜனவரியில தூணுக்குள்ள தண்ணி என்ன ஆகும்?”

“உறைஞ்சிடும்.”

“உறைஞ்சா?”

“தூண் வெடிக்கும், டீச்சர்.”

“தெரியுதுல்ல. அப்புறம் எதுக்கு இதைக் காப்பாத்தணும்?”

வரைபடத்தின் மூலையில் நாலு என்று போட்டாள். பத்துக்கு நாலு. அஞ்சு எடுத்தால்தான் பாஸ். நகராட்சி வக்கீல் கை தட்டினார். வைவா என்று ஒரு மாணவி, அவள் தேம்பிவிட்டாள். முடிவை மாதக் கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள்.

காரில் நான் கேட்டேன். “உன் சொந்தக் கட்டடம் அது ஒண்ணுதானே, லியூசியா.”

“அதனாலதான். மத்தது ஒழுகினா மாஸ்கோவைத் திட்டலாம்.”

மழை. கண்ணாடி துடைப்பான். அவள் சிவப்புப் பென்சிலைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

“எனக்கு எழுபத்தொண்ணு ஆயிடுச்சு. அது ஒழுகுறதைப் பாத்துக்கிட்டே சாக வேண்டாம்னு இருக்கு.”

அவள் கையால் இந்தப் பூமியில் நிற்பது அது ஒன்றுதான். அதுவும் போனால் நான் அந்தத் தெருவில் போய் எதைப் பார்ப்பேன், கடையில் தயிர் டப்பாவையா.

ஆகவே மதினி, மாதக் கடைசிக்குள் நீங்கள் ஒரு நடை வர வேண்டும். அவள் என் பேச்சைக் கேட்பதில்லை, பாதிரியார் பேச்சைக் கேட்பதில்லை, அவளைக் குட்டி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் நீங்கள். இடிக்க வேண்டாம் என்று அவள் வாயாலேயே சொல்ல வையுங்கள். வரும்போது புகைபோட்ட மீன் கொண்டுவந்தால் பேச்சு சுலபமாகத் தொடங்கும்.

ஆண்டவர் உங்கள் வீட்டுக் கூரையையும் முழங்காலையும் காக்கட்டும். பூனைக்கு என் விசாரிப்பு.

என்றும் பணிவுள்ள,
ரபோலாஸ்

பி.கு.: தபாலில் போடாமல் வைத்துவிட்டேன். இன்று புதன். திங்கட்கிழமை வைவா நாலைந்து பேரோடு நனைந்த கோட்டுடன் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

“டீச்சர், நாலு வாங்கினா மறுபடியும் பரீட்சை எழுதலாம். விதி.”

“அது பிள்ளைங்களுக்கு.”

“வரைஞ்சப்போ உங்களுக்கு என்ன வயசு?”

லியூசியா கிழங்குக் கொழுக்கட்டையை மென்று முடித்தாள். “இருபத்தொன்பது.”

“சின்னப் பொண்ணுதானே, டீச்சர்.”

அவள் எழுந்து போய் மழைக்கோட்டை எடுத்தாள். அன்றிலிருந்து கூரை மேல்தான் இருக்கிறாள். குழாயை வெளிப்பக்கம் கொண்டுபோகிறார்களாம். தோமந்தாஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குழுத் தலைவர் இப்படிச் செய்யலாமா என்று வக்கீல் கீழே நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நேற்று வாளி தூக்க என்னையும் ஏற்றிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கூரையைக் கிட்டத்தில் பார்த்தேன், மதினி. மகா மோசம். நாலு மார்க்கே தாராளம். இடித்துவிடு என்று அவளிடம் சொன்னேன். “பஸ் ஓட்டினவர் கீழ இறங்குங்க” என்றாள். மேலே எழுதியதை எல்லாம் தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள். அவசியம் வாருங்கள். வந்து அவளை இடிக்கச் சம்மதிக்க வையுங்கள். இந்தக் குளிரில் தினமும் வாளி தூக்க என்னால் முடியாது.