ஜெனி மிஸ் பையும் என் பையும்

ஒரு துணிப்பையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட தாய் இந்தத் திருப்பூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பட்டுச்சேலையைப் பார்த்துப் பட்டிருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். நான் பொறாமைப்பட்டது ஊதா நிறப் பை ஒன்றைப் பார்த்து. ஒரு பிள்ளை உள்ளே புகுந்து சுருண்டுகொள்ளலாம், அவ்வளவு பெரிய பை.

பையை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். மீதிப் பாதி, அதை வாங்கிவந்த ஜெனிஃபர் மிஸ்.

என் மகள் மகிழினிக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. மிக்ஸி, குக்கர் விசில், பள்ளிக்கூட மணி எல்லாம் அவளுக்கு இடி விழுகிற மாதிரி. காதைப் பொத்திக்கொண்டு அலற ஆரம்பித்தால் அடங்க அரைமணி நேரம் ஆகும். எட்டு வருடமாக நான் தட்டிக்கொடுத்தேன், கொஞ்சினேன், மிட்டாய் காட்டினேன், மிரட்டினேன், கூடவே உட்கார்ந்து அழுதும் பார்த்தேன். (அவ நிறுத்துன பொறவும் நான் நிறுத்தாத நாளெல்லாம் உண்டுங்க.)

ஜெனி மிஸ் தூத்துக்குடிப் பக்கம். பனியன் கம்பெனி வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். வயது இருபத்தாறு. கல்யாணமே ஆகவில்லை. மகிழின் பள்ளிக்குச் சிறப்பு ஆசிரியையாக வந்த மூன்றாவது வாரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"அக்கா, சத்தத்தை விட, அது எப்ப வரும்னு தெரியாததுதான் அவளுக்குப் பயம். மிக்ஸி போடதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிருங்க. காதைப் பொத்துவாளோ, வெளிய போய் நிப்பாளோ, அது அவ இஷ்டம்."

அன்று சாயங்காலமே என் கணவர் செந்தில் சமையல்கட்டில் நின்று மூன்று விரலைக் காட்டினார். "மகிழு, மிக்ஸி போடப் போறேன் கண்ணு. மூணு, ரெண்டு, ஒன்னு." மகிழ் எழுந்தாள். வாசலுக்குப் போனாள். சட்னி அரைத்து முடித்ததும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து படம் வரைய ஆரம்பித்தாள். செந்தில் ஏதோ கரண்ட்டையே அவர்தான் கண்டுபிடித்த மாதிரி என்னைப் பார்த்தார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சட்னி கசந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஜெனி மிஸ் ஜபம்தான். "ஜெனி மிஸ் சொன்னாங்க, தண்ணி குடிக்கணும்." "ஜெனி மிஸ் சொன்னாங்க, சுவத்தைத் தள்ளணும்." எட்டு வருடம் நான் சொன்ன ஒன்றையாவது இந்தப் பிள்ளை இப்படி வெளியே போய்ச் சொல்லியிருக்குமா? ஜெனி மிஸ் தினமும் ஒரு நோட்டில் எழுதியனுப்புவாள். 'இன்று மணி அடிக்கும் முன் மகிழ் தானாகவே ஹெட்போன் மாட்டிக்கொன்டாள்.' மற்ற அம்மாக்கள் இதைப் படித்து நெகிழ்ந்திருப்பார்கள். நான் 'மாட்டிக்கொன்டாள்' என்பதில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, மூன்று சுழி ண எழுதித் திருப்பி அனுப்பினேன்.

இன்னொன்றும் செய்தேன். அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேண்டுமென்றே, சொல்லாமல் மிக்ஸியைப் போட்டேன். அந்த மிஸ் சொன்ன வைத்தியம் இல்லாமலே என் பிள்ளை என்னிடம் அடங்குவாள் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. மகிழ் அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனவள், வர ஒரு மணி நேரமானது. வந்தவள் என்னிடம் கோபப்படவில்லை. "அம்மா, சொல்ல மறந்துட்டீங்க," என்றாள். ஆமாம் கண்ணு, மறந்துட்டேன் என்றேன். அந்தப் பொய்க்கு அப்புறமாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பை வந்தது.

வகுப்பறையின் பின்மூலையில் ஜெனி மிஸ் ஓர் இடம் ஒதுக்கியிருந்தாள். ஒரு பாய், ஹெட்போன், சுவரில் பெயிண்டில் பதித்த இரண்டு கை அச்சு. மனது படபடத்தால் அதில் கை வைத்துப் பத்து முறை சுவரைத் தள்ள வேண்டும். மகிழுக்கு மட்டுமில்லை, எந்தப் பிள்ளையும் போகலாம். அங்கேதான் அந்த ஊதாப் பையும் இருந்தது. நன்றாக இழுபடுகிற துணி. உள்ளே புகுந்துகொண்டால் உடம்பு முழுக்கக் கட்டிப்பிடித்த மாதிரி அழுத்தம் கிடைக்கும். அது சில பிள்ளைகளை அமைதியாக்கும். மகிழ் அதற்குள் போனால் ஐந்து நிமிடத்தில் பூ மாதிரி வெளியே வருவாளாம்.

"எங்க வாங்குனீங்க மிஸ்?"

"ஆன்லைன்லக்கா."

எனக்கு உச்சந்தலை சுட்டது. நான் அனுப்பர்பாளையம் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில், உடுப்புக்கு வெட்டு மாதிரி போடுகிற பேட்டர்ன் மாஸ்டர். பதினான்கு வருடம் சாம்பிள் செக்ஷன். நிட்டிங் மெஷினிலிருந்து துணியே பை மாதிரி குழாயாக இறங்கும் ஊர் இது. இந்த ஊரில், என் பிள்ளைக்கு, ஆன்லைனில் ஒரு துணிப்பை. பிள்ளை வளர்ப்பில் அவள் என்னை ஜெயித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். துணியிலுமா?

அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். சாதாரணக் கூட்டமில்லை. மகிழ் அப்போது மதியம் வரைதான் வகுப்பில் இருந்தாள். முழுநாள் இருக்கட்டும் என்பது ஜெனி மிஸ்ஸின் கட்சி. மகிழ் அலறினால் எங்கள் பிள்ளைகள் படிப்பு கெடுகிறது என்று சில பெற்றோர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த மூலையை எல்லோரும் பார்க்கட்டும், அப்புறம் முடிவு செய்யலாம் என்று தாளாளர் ஐயா சொல்லியிருந்தார்.

அதற்குள் நான் என் பையைத் தைத்துவிட்டேன். லைக்ரா அதிகம் கலந்த துணி, மகிழுக்குப் பிடித்த மஞ்சள். ஜெனி மிஸ் பையின் முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்தே கிடக்கும். எனக்கு அது பாதி தைத்துப் போட்ட பீஸ் மாதிரி பட்டது. நான் அடியிலிருந்து தலைவரைக்கும் ஜிப் வைத்தேன். நெஞ்சில் 'அம்மா செல்லம்' என்று எம்ப்ராய்டரி. (இத பாத்து அந்த மிஸ் என்ன சொல்லுவான்னு கற்பனை பண்ணிட்டே வண்டியோட்டி, ரெண்டு ஸ்பீட் பிரேக்கர்ல குதிச்சேனுங்க.)

கூட்டத்துக்கு இருபது இருபத்தைந்து பெற்றோர். முன்வரிசையில் தாளாளர் ஐயா, வெள்ளை வேட்டி சட்டை, மடியில் துண்டு. ஜெனி மிஸ் மூலையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். செந்தில் என் பக்கத்தில். மகிழ் அமைதியாகப் பாயில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ், நானும் ஒன்னு தச்சுக் கொண்டாந்திருக்கேனுங்க," என்று எழுந்தேன்.

"ஏனுங்க, உக்காருங்க," என்று செந்தில் முணுமுணுத்தார். எங்கள் பக்கம் மனைவியையும் 'ங்க' போட்டுத்தான் அடக்குவார்கள்.

பையை விரித்துக் காட்டினேன். மகிழைக் கூப்பிட்டேன். அவள் வந்து கையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"தையல் குத்துது."

இரண்டே வார்த்தை. ஆர்டர் கொடுக்கிற எந்த வெளிநாட்டு பையரும் பதினான்கு வருடத்தில் என்னிடம் சொல்லாத இரண்டு வார்த்தை.

"குத்தாதுங்க சாமி. அம்மா தச்சது. போய்ப் பாருங்க."

"எழுத்துக்குப் பின்னாடியும் குத்துது. வேண்டாம்."

ஜெனி மிஸ் மெதுவாக, "அக்கா, அவளுக்கு வேண்டாம்போல. விட்ருவோம். அவளாக் கேக்கும்போது பாத்துக்கிடலாம்," என்றாள். குரலில் ஒரு குத்தலும் இல்லை. அந்தக் குத்தலில்லாத குரல்தான் என்னை என்னவோ செய்தது.

"குத்தவே குத்தாது மகிழு. இங்க பாருங்க," என்று சொல்லிவிட்டு, கட்டியிருந்த காட்டன் சேலையோடு நான் அந்தப் பைக்குள் காலை விட்டேன்.

எட்டு வயசுப் பிள்ளைக்குத் தைத்த பை. ஆனால் நல்ல துணி, இழுபட்டுக் கொடுத்தது. இடுப்பு வந்தது, தோள் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். முழுதாகக் காட்டிவிடலாம் என்று தலையையும் உள்ளே இழுத்து, உள்ளேயிருந்தபடியே ஜிப்பைச் சர்ரென்று ஏற்றினேன். அது நெற்றிவரை வந்து, என் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றது.

மேலே போகவில்லை. கீழேயும் வரவில்லை.

முதலில் சிரித்தேன். அப்புறம் இழுத்தேன். கை இரண்டும் நெஞ்சோடு ஒட்டிக்கிடந்தன. மூச்சு என் முகத்துக்கே திரும்பி வந்தது. இன்னும் நன்றாக இழுக்கலாம் என்று ஒரு குதி குதித்தேன். கால் இரண்டும் ஒன்றாக இருக்கிறவர்கள் குதிக்கக்கூடாது. பாயில் விழுந்து, உருண்டு, தாளாளர் ஐயாவின் செருப்பில் போய் முட்டி நின்றேன்.

மேலேயிருந்து அவர் குரல் கேட்டது. "ஏனுங்கம்மிணி, உள்ள காத்து வருதுங்களா?"

அந்த மரியாதைதான் என்னை உடைத்தது. அலறினேன். வாழ்க்கையில் அப்படி அலறியதில்லை. "எடுங்க, எடுங்க, எடுத்து உடுங்க" என்று கத்திக்கொண்டு காலை உதைத்தேன். ஒரு நாற்காலி சாய்ந்தது. "அக்கா, அசையாதீங்க, நான் பிடிச்சிருக்கேன்," என்று ஜெனி மிஸ் என் தோளை அழுத்திக்கொண்டாள். கத்தரிக்கோலுக்குச் செந்தில் ஓடுகிற சத்தம் கேட்டது.

மஞ்சள் துணி இழுபட்டால் வலை மாதிரி ஆகிவிடும். அதன் வழியாக எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. அப்போதுதான் மகிழைப் பார்த்தேன்.

காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பேர் முன்னால், அவளுக்கு ஆகவே ஆகாத காரியத்தை, சொல்லாமல் கொள்ளாமல் சத்தத்தை, நான்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த மிக்ஸி ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. வாயை மூடினேன். ஜெனி மிஸ்ஸின் கை என் மேல் இருந்தது. செந்தில் அறையிலேயே இல்லை. மகிழிடம் போக யாருமில்லை.

மகிழ் ஒரு கையைக் காதிலிருந்து எடுத்தாள். ஹெட்போனை எடுத்து மாட்டினாள். சுவரிடம் போய், கை அச்சில் கையை வைத்துத் தள்ள ஆரம்பித்தாள். வாய்விட்டு எண்ணினாள். ஏழு வந்ததும் குழம்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். பத்து முடிந்ததும் வந்து என் பக்கத்தில் குனிந்து, துணி மேலாகவே என் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா, கத்துனா ஜிப் வராது."

செந்தில் கத்தரிக்கோலோடு வந்தார். ஜெனி மிஸ் வாங்கி, "வெட்டிரட்டுமாக்கா?" என்றாள்.

"ஜிப்புல கத்தரி போடாதீங்க, தையலோட போங்க," என்றேன் உள்ளேயிருந்து. (உசுரு போற நேரத்துலயும் துணியை வீணாக்கக்கூடாதுன்னு தோணுச்சு பாருங்க.)

வெளியே வந்தபோது முந்தானையில் ஒரு ஜாண் கிழிசல், தலை காக்காய் கூடு. தாளாளர் ஐயா தன் துண்டால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். புகார் எழுதிக் கொடுத்த பெற்றோர்களில் ஓர் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஐயா எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பெத்தவங்க போட்ட சத்தத்தையே அந்தப் புள்ள தானாச் சமாளிச்சுட்டு வந்துருச்சுங்க. நம்ம பள்ளிக்கூட மணியெல்லாம் எம்மாத்திரம்? முழு நாளும் இருக்கட்டுமுங்க."

நான் செய்த கூத்தால் என் மகளுக்கு நல்லது நடந்துவிட்டது. ஆனால் அதில் எனக்கு ஒரு பாராட்டும் கிடைக்க வழியில்லை. எல்லோரும் ஜெனி மிஸ்ஸுக்குத்தான் கைகொடுத்தார்கள். அவள் கையை உதறிக்கொண்டு, "நான் ஒன்னும் பண்ணலங்க, அக்காவைப் பிடிச்சிட்டுல்லா இருந்தேன்," என்றாள். போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "அக்கா, நம்ம பை தையல் விடுது. நீங்க ஒன்னு தச்சுத் தருவியளா? ஜிப் இல்லாம, தையல் வெளிப்பக்கமா," என்று கேட்டாள்.

தைத்தேன். மகிழே டேப்பைப் பிடித்து அளவு சொன்னாள். எம்ப்ராய்டரி கிடையாது. நான்கு தடவை திருப்பியனுப்பி, ஐந்தாவதில் ஒத்துக்கொண்டாள். அதிலும் புதன்கிழமை மட்டும். மற்ற நாளெல்லாம் பழைய ஊதாதான்.

இப்போது மகிழுக்குப் பதினொன்று. இந்தக் கதையைப் புதிதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். உடுமலையில் என் சித்தப்பா மகள் கல்யாணத்தில், மேடையில் மாலையோடு நின்ற மாப்பிள்ளையிடம் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "உள்ள காத்து வருதுங்களா?" என்றுதான் நலம் விசாரிக்கிறார்கள். நானும் பழகிக்கொண்டேன்.

ஒன்று மட்டும்தான் இன்னும் உறுத்துகிறது. மகிழ் எப்போதும் ஒரே வரிசையில்தான் சொல்வாள். முதலில் அவள் சுவரைத் தள்ளியது. அப்புறம் ஜெனி மிஸ் கத்தரிக்கோலால் காப்பாற்றியது. கடைசியாகத்தான், "உள்ள இருந்தது எங்கம்மா."

சேலை கிழிந்தது எனக்கு, மானம் போனது எனக்கு. அந்தக் கதையிலும் ஜெனி மிஸ்தான் எனக்கு முன்னால் வருகிறாள்.