மாமாவின் கண்ணாடியோடு திண்டிவனம்

மூக்குக்கண்ணாடி பார்வைக்காக என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கத்துக் கல்யாணச் சந்தையில் கால் வைத்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் அதற்கு ஆண் பெண் பேதம் உண்டு. ஆண் மாட்டினால் படிப்பாளி. பெண் மாட்டினால் குறையுள்ளவள். ஒருவர் மூக்கில் பட்டம், இன்னொருவர் மூக்கில் பழி. (இந்தச் சட்டத்தை எழுதிய மேதை யாரோ, கண்ணாடி போடாமல் எழுதியிருக்க வேண்டும்.)

நான் விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் ஒரு மண்டியில் குமாஸ்தா. ஓய்ந்த நேரத்தில் நிலாவைப் பற்றிக் கவிதை எழுதி, நிலா என்ன பாவம் செய்தது என்று கேட்க ஆளில்லாமல் வளர்ந்தவன். கண் மட்டும் பருந்துக் கண். ரயில்வே சிக்னல் கம்பத்தில் உட்கார்ந்த காக்கைக்கு எந்தக் கால் நொண்டி என்று தரையில் நின்றே சொல்லிவிடுவேன். ஆனால் பெண் கொடுப்பவர்கள் காக்கை பார்க்கவா மாப்பிள்ளை தேடுகிறார்கள்? போன இடமெல்லாம் ஒரே பதில்: "பையன் மொகத்துல படிச்ச களையே இல்லியே."

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகள் வசந்தாவைப் பார்க்க ஏற்பாடானபோது, என் தாய்மாமன் கோவிந்தன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இதான் கடைசிடா. இதுவும் தட்டிப் போச்சுன்னா சாமியாராப் பூடு. உன் கூட ஊர் ஊரா அலைய என்னால ஆவாது."

தரகர்தான் அந்த மகா யோசனையைச் சொன்னார். "தம்பிக்கு ஒரு கண்ணாடிய மாட்டி உடுங்க. கலெக்டரு கணக்கா இருப்பாரு."

வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி மாமாவுடையது. வெள்ளெழுத்துக்காக வாங்கியது. பாசஞ்சர் ரயிலில் மயிலம் வரை அதைப் போட்டுப் பேப்பர் படித்தவர், பிறகு கழற்றி என் மூக்கில் மாட்டினார்.

உலகம் கஞ்சியாகிவிட்டது.

படிப்பதற்கான கண்ணாடிக்கு ஒரு குணம். மூக்கருகே இருக்கும் எழுத்தைப் பூசணிக்காயாக்கும். பத்தடி தள்ளி இருப்பதையெல்லாம் கரைத்துவிடும். நல்ல கண்ணில் மாட்டினாலோ தரையே எழும்பி முழங்காலுக்கு வரும். நான் சேற்றில் நடக்கும் கொக்கைப் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் திண்டிவனத் தெருக்களைக் கடந்தேன். பெண் வீட்டில் இல்லாத படியை ஏறினேன். இருந்த வாசற்படியில் இடித்துக்கொண்டேன்.

உள்ளே ஒரு மூலையில் நெடுநெடுவென்று, வெள்ளை வெளேரென்று ஒரு பெரியவர் நின்றிருந்தார். என்ன சாந்தம்! என்ன மௌனம்! உருகிப்போய்க் கும்பிட்டேன். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு காதில் சொன்னார்: "டேய், அது கொடியில காயற வேட்டிடா."

வாத்தியாரோ என் முகத்தையே பார்த்து வியந்தார். கண்ணாடிக்குள் என் கண்கள் ஆந்தைக் கண் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கும். "ரொம்பப் படிப்பீங்களோ தம்பி? கண்ணு இவ்ளோ கெட்டுப் பூட்டுதே!"

"ராப்பகலா படிப்புதாங்க" என்றார் மாமா, கொஞ்சமும் கூசாமல்.

வாத்தியாருக்குப் பரம திருப்தி. என் கண் எவ்வளவு கெட்டிருக்கிறதோ, அவ்வளவு நல்ல மாப்பிள்ளை நான்.

அப்போது ஊதா நிறத்தில் ஒரு மேகம் காப்பி வாசனையோடு மிதந்து வந்தது. அதுதான் வசந்தா. மேகம் தயங்கி, எனக்கும் மாமாவுக்கும் நடுவில் உத்தேசமாக நின்று, தட்டை நீட்டியது. டம்ளர் என் கைக்கே வந்துவிட்டதாகத் தெரிந்தது. பிடித்தேன். காற்று. நான் எடுத்துக்கொண்டேன் என்று நினைத்து அவள் தட்டைச் சரித்துத் திருப்பினாள்.

கொதிக்கக் கொதிக்க அத்தனை காப்பியும் மாமாவின் மடியில்.

"ஐயோ! பேஜாரு புடிச்சவனே! கழட்டுடா என் கண்ணாடிய! நல்லா இருக்கற கண்ணுல இன்னாத்துக்குடா அது?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று மாமாவுக்கே உறைத்தது. வாத்தியார் எழுந்தார். முகம் எனக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எழுந்த வேகமே வாசலைக் காட்டியது. சாமியார் வாழ்க்கைக்கு மனதைத் தயார் செய்துகொண்டேன்.

மேகம் பேசியது.

"எம்மா, என் கண்ணாடிய எட்தா. அரிசிப் பானையிலதான ஒளிச்சு வச்ச? யார் மேல ஊத்துனேன்னே தெரியல."

உள்ளே அவள் அம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது. நின்ற வாத்தியார் மெல்ல உட்கார்ந்தார்.

சோடா பாட்டில் அடிபோலக் கனமான கண்ணாடி வந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த குருணையைத் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டாள். நான் என்னுடையதைக் கழற்றினேன். அப்போதுதான் இருவரும் பார்த்துக்கொண்டோம். (நிலாவை இனித் தொந்தரவு செய்வதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன்.)

தலை முதல் கால் வரை என்னை நிதானமாகப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்: "கண்ணு இருக்கறவரு மாட்டிக்கினு வந்தாரு. இல்லாதவ கழட்டிட்டு வந்தேன். பொய்யி சரிக்குச் சரியாப் போச்சுப்பா. இன்னாத்துக்குக் கோவம்?"

வேட்டியை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி மாமா சொன்னார்: "முடிச்சிடலாங்க. இன்னொரு ஊட்ல போய் சுட்டுக்க எங்கிட்ட எடமில்ல."

முடித்தார்கள். கல்யாணப் போட்டோவில் மட்டும் பெரியவர்கள் விடவில்லை. அவள் கழற்றி, நான் மாட்டி. இருவரும் ஆளுக்கொரு திசையில் போட்டோகிராபரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது எனக்கு நிஜமாகவே வெள்ளெழுத்து வந்துவிட்டது. அவளோ தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசியில் நூல் கோக்கிறாள். நான் மாட்டிக்கொண்டும் காதைத் தேடுகிறேன். போன வாரம் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். படித்துக்கொண்டிருந்தவன் கண்ணாடியோடு அப்படியே எழுந்து ஓர் அடி வைத்தேன். கால் பழக்கதோஷத்தில் கொக்குபோல் உயர்ந்தது. மகள் அடுக்களையிலிருந்து கத்தினாள்:

"எம்மா, அப்பா திண்டிவனம் கெளம்பிட்டாரு!"

காப்பி டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அந்த வயதிலும் சுவரோரம் பாய்ந்து நின்றார் மாமா.