பொத்தேரியில் அடுத்தவர் வீட்டில் பால் காய்ச்சினேன்

நல்ல காரியம் செய்யப் புறப்படும்போது மனுஷிக்கு ஒரு திமிர் வரும் பாருங்கள், அதற்கு மருந்தே கிடையாது. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எனக்கு அது உச்சந்தலைவரை ஏறியிருந்தது.

எங்கள் கோவளம் சர்ச்சில் அந்தக் கிறிஸ்துமஸ் காணிக்கை செல்விக்கும் நிஷாவுக்கும் என்று முடிவாகியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் படுத்து வளர்ந்து, பிறகு காப்பகத்துக்கு வந்த பெண்கள். மறைமலைநகர் கம்பெனியில் வேலை கிடைத்து, பொத்தேரியில் முதன்முதலாக வாடகைக்கு வீடு பிடித்திருந்தார்கள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அவர்கள் கதவைத் திறக்கும்போது வீடு நிறைந்திருக்க வேண்டும். இதை யார் செய்வது என்று ஃபாதர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

பச்சை கேட், மாடி வீடு, மீட்டர் பெட்டியில் சாவி. இவ்வளவுதான் அடையாளம். மெத்தை, குக்கர், அடுப்பு, ரோஸ் கலர் திரைச்சீலை எல்லாவற்றையும் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

"யக்கா, ஒரு போன் போட்டுக் கேளுங்க. இந்தத் தெருவுல எல்லாமே பச்சை கேட்டாத்தான் கீது" என்றார் டிரைவர் பாபு.

"எனக்குத் தெரியாதா? மெத்தையை இறக்குங்க!"

மீட்டர் பெட்டியில் கையை விட்டேன், சாவி இருந்தது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? உள்ளே கிழிந்த பாய்கள், கொடியில் ஜீன்ஸ், ஜட்டி. முன்னால் குடியிருந்த கட்டையில போறவன் குப்பையைக்கூட அள்ளாமல் போயிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் மூட்டை கட்டி வெளியே வைத்தேன். திரை மாட்டி, ஸ்டார் தொங்கவிட்டு, ராகுகாலம் வருவதற்குள் பாலையும் அடுப்பில் ஏற்றினேன். (சர்ச்சுக்குப் போகிறவளுக்கு ராகுகாலம் எதற்கு என்று கேட்காதீர்கள். அது ரத்தத்தில் வருவது.) பால் பொங்கியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வாசலில் மூன்று காலேஜ் பையன்கள் நின்றார்கள்.

"ஆன்ட்டி... இது எங்க வூடுதானே?" என்றான் ஒருவன்.

இன்னொருவன் நேராகப் போய் மெத்தையில் விழுந்தான். "கேக்காதடா மச்சான்! குடுக்கறாங்க, வாங்கிக்கோ!"

மூன்றாமவன் வெறுங்கொடியைப் பார்த்தான். "ஆன்ட்டி, என் ஜீன்ஸ் இன்னா ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வியிடமிருந்து போன். "வந்துட்டோம்க்கா. வூடு காலியா கீது." "இதோ வந்துடறேன்மா" என்றேன். "பரவால்லக்கா. வர்றேன்னு சொல்லிட்டு யாரும் வராம போறது எங்களுக்குப் பழக்கம்தான்" என்றாள்.

ஏறியிருந்த திமிரெல்லாம் இறங்கி, "தம்பிங்களா!" என்று கத்தியே விட்டேன். "இதெல்லாம் ரெண்டு பொண்ணுங்களுக்கு வாங்கினது. அவங்களுக்குன்னு கிடைச்ச மொத வூடுடா!"

மெத்தையில் கிடந்தவன் துள்ளி எழுந்து அதையே தலையில் தூக்கிக்கொண்டான்.

செல்வியிடம் வழி கேட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் மெத்தை, பின்னால் அடுப்பு, அதன் பின்னால் ஸ்டாரும் குக்கரும், கடைசியில் பால் பாத்திரத்தைப் புடவைத் தலைப்பால் பிடித்தபடி ஓட்டமும் நடையுமாக நான். பாபு ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். சீர்வரிசை என்று நினைத்த ஒரு பெரியவர், "மாப்பிள்ளை யாரும்மா?" என்று விசாரித்தார்.

மாடியிலிருந்து பார்த்த செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பால் காய்ச்சியாச்சும்மா" என்று பாத்திரத்தை நீட்டினேன்.

"அது அவங்க வூட்டுல பொங்கின பாலு, அவங்களுக்கே குடுங்க. என் வூட்டுல நான் காய்ச்சறேன்" என்று நிஷாவைக் கடைக்கு அனுப்பினாள். அந்தப் பால் பொங்கியபோது இருவரும் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்தார். பையன்கள் விசிலடித்தார்கள். (ரோஸ் திரை அவர்களிடமே தங்கிவிட்டது. நானும் கேட்கவில்லை.)

இப்போதும் நான் பையைத் தூக்கினால், "இன்னிக்கு யார் வூட்டுல குடியேத்தப் போற?" என்கிறார் என் வீட்டுக்காரர். செல்வி அதற்கும் ஒரு படி மேல். சாப்பிடக் கூப்பிட்டால், "நீங்களா வந்துடாதீங்கக்கா, பஸ் ஸ்டாப்புலயே நில்லுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அவளே வருவாள். ரோட்டைக் கடக்கும்போது என் கையை விடமாட்டாள். எதிரில் யார் வந்தாலும் நிறுத்திச் சொல்வாள்:

"எங்க வூட்டுக்கு வந்துகினு கீறாங்க. தனியா வுட்டா வேற யார் வூட்டுலயாச்சும் போய்ப் பால் காய்ச்சிடுவாங்க!"